டைனமோ சேரும் ஒரு காதல் பாட்டும்

போன மாசியில் ஒருநாள் விடியப்புறம் ரொறன்ரோவிலிருந்து போன். இருபது வருசமாகக் கேட்காத குரல். "டேய் கிறிஸ்ரின், டைனமோ போயிட்டார்."

அந்தப் பட்டம் எனக்கு எப்படி வந்தது என்பது 1992இல் பிரேயர் ஹோலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பழைய மாணவர் மலருக்கு எழுதக் கேட்டவர்களும் "உந்தக் கதையையே எழுதுமன்" என்றார்கள். சரி, மற்றவன் எழுதுவதைவிட நானே எழுதிவிடுவது நல்லது.

யாழ்ப்பாணத்தில் சண்டையால் கரண்ட் போய் இரண்டு வருசம். பற்றரிக்கும் தடை. எங்கள் இங்கிலிஷ் சேர் தன் றலி சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவிலிருந்து இரண்டு வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்றித்தான் ரேப் றெக்கோடரை ஓடவிடுவார். அவரிடம் உருப்படியாக இருந்தது ஒரு கசற். லண்டனில் இருந்த தங்கச்சி அனுப்பியது. அதில் கிளிஃப் ரிச்சர்டும் சாரா பிறைற்மனும் சேர்ந்து பாடிய 'ஓல் ஐ ஆஸ்க் ஒஃப் யூ'. 'த ஃபான்ரம் ஒஃப் த ஒப்பெரா' என்ற இசை நாடகத்தின் காதல் பாட்டு.

கிளிஃப் என்றால் சேருக்கு உயிர். "லக்னோவில பிறந்தவனடா. ஏழு வயசில கப்பலேறிப் போனவன்" என்று, ஏதோ பக்கத்து வளவுப் பெடியனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லுவார். மேடையிலும் கிளிஃப்தான் கதாநாயகன் என்று நம்பியிருந்தார். அப்படியில்லை. நாடகம் 1986 ஒக்ரோபரில் லண்டனில் தொடங்குவதற்குச் சற்று முன்னர், விளம்பரம் மாதிரி வெளியிட்ட இசைத்தட்டு அது. பிரிட்டிஷ் பட்டியலில் மூன்றாம் இடம்வரை போனது. இதெல்லாம் நான் பிறகு இங்கே வந்து அறிந்தவை.

சேர் எங்களுக்குச் சொன்ன கதை சின்னது. பாரிஸ் ஒப்பெரா மண்டபத்தின் கூரை. பயந்துபோய் நிற்கிற பாட்டுக்காரி கிறிஸ்ரின். சின்ன வயசிலிருந்தே அவளைத் தெரிந்த ராவுல். "நீ போற இடமெல்லாம் நானும் வருவன் எண்டு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுகினம். அவ்வளவுதான். கட்டிப்பிடிக்கிறதெல்லாம் இல்லை, தள்ளி நிண்டு பாடுங்கோ."

ஆங்கில தினத்துக்கு அதுதான் எங்கள் கல்லூரியின் இசை நிகழ்ச்சி. ராவுலாக ஒரு பத்தாம் வகுப்பு அண்ணை. ஆம்பிளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கிறிஸ்ரினுக்கு எங்கே போவது? எட்டாம் வகுப்பில் குரல் உடையாமல் மிஞ்சியிருந்தவன் நான். அம்மாவின் வெள்ளைச் சேலையைச் சுற்றிவிட்டார்கள். பூ வைக்க மட்டும் நான் சம்மதிக்கவில்லை.

பின்னணி இசைக்கு ஆளில்லை. கசற்றை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து பாடவேண்டும். திரைக்குப் பின்னால் சேர், கவிழ்ந்த சைக்கிள். அண்ணையின் பகுதி பிசகில்லாமல் போனது. நான் தொடங்கி இரண்டாவது வரியில் சேரின் கை சோர்ந்தது. பாட்டு இழுபட்டது. சாரா பிறைற்மன் மெல்ல மெல்ல ஆம்பிளைக் குரலுக்கு இறங்கினா, பிறகு கிழவன். நானோ பழகிய சுருதியிலேயே மேலே நின்று கீச்சிட்டுக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் தொடங்கிய சிரிப்பு முன்வரிசை நடுவர்கள்வரை வந்தது. விடுதிப் பெடியள் விசிலடித்தார்கள். சேர் நிறுத்தவில்லை. கை மாற்றிச் சுற்றினார். பாட்டு திடீரென்று வேகம் பிடித்து அணில்குஞ்சு மாதிரிக் கத்தியது. நான் சேலையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன்.

பின்னேரம் சேர் வந்தார். உள்ளங்கை முழுக்க கிறீஸ். "உன்ரை சுருதி சரியடா. சுத்தின கைதான் பிழை."

நான் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு வகுப்பில் வாசிக்கச் சொன்னால் வாசித்தேன். அதற்குமேல் அவரோடு ஒரு சொல் பேசவில்லை. அடுத்த வருசம் கிளாலிக் கடனீரேரியால் இரவோடிரவாக வள்ளமேறி ஊரைவிட்டுப் போனோம். அந்த நாளில் யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு போகவில்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

2004இல், மனைவியின் பிறந்தநாளுக்கு, லண்டன் ஹேமார்க்கற் தெருவில் அந்த நாடகத்தைப் பார்க்கப் போனோம். கூரைக் காட்சி வந்ததும் முதலில் வேகம் பிழை என்றுதான் நினைத்தேன். சேரின் கை எங்களுக்குப் பழக்கிய வேகம் வேறு. சிரிப்பு வந்தது, மனைவி முழங்கையால் இடித்தா. காதலர் இருவரும் பாடி முடித்துப் போனார்கள். அப்போது சிலைக்குப் பின்னாலிருந்து ஒருவன் வெளியே வந்தான். முழுப் பாட்டையும் ஒளிந்து நின்று கேட்டிருக்கிறான். அவளுக்குப் பாடக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். அவர்கள் பாடிய அதே மெட்டை, இருட்டில், தனிய, உடைந்த குரலில் எடுத்தான்.

கசற்றில் அவன் இல்லை. சேருக்கு அவனைத் தெரியாது.

அன்றிரவே கடிதம் தொடங்கினேன். "அன்புள்ள சேர், அந்தக் கூரையில் நின்றது மூன்று பேர்." அடுத்த வரி வரவில்லை. சமாதான காலம், யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்திருந்தது, தபால் போய்ச் சேராது என்று சாட்டுச் சொல்லவும் முடியாது. சேர் 95 இடம்பெயர்வில் தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருசம் திரும்பிவந்து, அதே வீட்டில்தான் இருந்தார். விலாசமும் எனக்குப் பாடம்.

ராவுல் அண்ணை போனில், "கடைசிவரை அந்தச் சைக்கிளை விக்கேல்லையாம்" என்றார். நாடகப் புத்தகத்தை அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கடிதம் உள்ளே இருக்கிறது, ஒரு வரியோடு.