மாத்திரைப் பையை அப்படியே எடுத்துட்டு வாங்க

அப்பாவுக்கு மறதி நோய் என்று தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. நினைவுக்கு டோனெபெசில், சர்க்கரைக்கு, பிரஷருக்கு என்று ஏற்கெனவே ஒரு பை நிறைய மாத்திரை. போன வருடம் அடிக்கடி சிறுநீர் போக ஆரம்பித்தார், சில நாள் வேட்டியிலேயே போய்விடும். வேறொரு டாக்டரிடம் காட்டினோம், ஆக்சிபியூட்டினின் எழுதிக் கொடுத்தார். அது கொஞ்சம் அடங்கியது. ஆனால் பத்துப் பதினைந்து நாளில் ராத்திரி தூங்காமல் எழுந்து உட்கார்ந்துகொண்டு, செத்துப்போன பெரியப்பா வாசலில் நிற்கிறார், கதவைத் திறடா என்று என் கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டார். நோய் முற்றிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

தூக்கத்துக்கு ஏதாவது வாங்கலாம் என்று தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். அங்கிருந்த பார்மசிஸ்ட் சின்ன வயசுப் பெண். "சீட்டு இல்லாம அதெல்லாம் தர மாட்டேன்ணே. அப்பா சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் பையோட எடுத்துட்டு வாங்க, மிச்சம் மீதி உட்பட" என்றார்.

மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் அட்டை அட்டையாகப் பார்த்தார். டோனெபெசில் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற பொருளைக் கூட்டும், சிலருக்கு அதுவே சிறுநீரை அடக்க முடியாமல் செய்யும். ஆக்சிபியூட்டினின் அதே அசிட்டைல்கோலின் வேலையைத் தடுக்கும், வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் மலச்சிக்கலையும் கொண்டுவரும். அதாவது ஒரு மாத்திரையின் பக்கவிளைவுக்கு அதற்கு எதிரான இன்னொரு மாத்திரையைக் கொடுத்திருக்கிறோம். போதாததற்குச் சளிக்கு நானாக வாங்கிக் கொடுத்த குளோர்பெனிரமினும் இந்த இரண்டாவது ரகம்தான்! பிரஷர் மாத்திரை வேறு இரண்டு கம்பெனி பேரில் இருந்தது, உள்ளே இருப்பது ஒரே மருந்து.

எதையும் நீங்களாக நிறுத்தாதீங்க என்று சொல்லி, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நாளைக்கே டாக்டரிடம் காட்டச் சொன்னார். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு ஆக்சிபியூட்டினினை நிறுத்தினார், இரட்டிப்பாகப் போன பிரஷர் மாத்திரையையும். இரண்டு வாரத்தில் பெரியப்பா வருவது நின்றது. மறதி மறதியாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்பா ராத்திரி தூங்குகிறார்.

அன்று ஏதோ ஒரு கடையில் மனநோய்க்கான மாத்திரையைத் தூக்கத்துக்கென்று தந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் பயமாக இருக்கிறது. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு அந்த வகை மருந்துகளால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துத் துறை 2005லேயே எச்சரித்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்மசிஸ்ட் வீட்டுக்கே வந்து மருந்துகளைச் சரிபார்க்க அரசாங்கமே பணம் தருகிறது. நம் நாட்டிலும் மருந்தை விளக்கிச் சொல்வது பார்மசிஸ்டின் கடமை என்று 2015ல் விதி வந்தாயிற்று, ஆனால் பல கடைகளில் கவுண்டரில் நிற்பவர் பார்மசிஸ்ட்தானா என்றே நமக்குத் தெரிவதில்லை. தயங்காமல் கேளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் அந்தப் பார்மசிஸ்ட் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா "சாப்பிட்டாச்சு" என்று சொல்வதை நம்பிச் சர்க்கரை மாத்திரை கொடுக்கக் கூடாது, தட்டைப் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும். அப்புறம், விழுங்க அடம்பிடிக்கிறார் என்று அம்மா மாத்திரைகளைப் பொடித்துத் தயிர்சாதத்தில் கலந்துகொண்டிருந்தாள். அட்டையில் எஸ்ஆர் என்று போட்டிருந்தால் பொடிக்கவே கூடாதாம், மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். இப்போது கேட்டுக்கொண்டுதான் பொடிக்கிறோம்.