எழுத்து சரி, ஏடு மூடியிருக்கிறது

புற்றுநோய் மரபணுக்களின் கோளாறால் வருவது என்று சொன்னதும், "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே" என்று பலர் கேட்பார்கள். பெற்றோரிடமிருந்து வந்த மரபணுப் பிறழ்வால் (எழுத்துப் பிழையால்) உண்டாகும் புற்றுநோய்கள் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான்; பெரும்பாலானவை வாழ்நாளில் ஏதோ ஓர் உயிரணுவில் சேரும் மாற்றங்களின் விளைவு. அம்மாற்றங்களுள் டி.என்.ஏ.யின் ஓர் எழுத்துகூட மாறாமல் நிகழ்பவையும் உண்டு என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய், பரம்பரையாக வரும்போது பெரும்பாலும் இரு கண்களிலும் இளம் வயதிலேயே தோன்றுகிறது. மற்றக் குழந்தைகளுக்கு ஒரு கண்ணில், சற்றுத் தாமதமாக வருகிறது. இந்த வேறுபாட்டை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஆல்ஃபிரட் நட்சன், கட்டி உருவாக இரண்டு அடிகள் விழவேண்டும் என்று 1971இல் கணித்தார். பரம்பரை நோயில் முதல் அடி பிறக்கும்போதே எல்லா உயிரணுக்களிலும் விழுந்திருக்கும். மற்றவர்களுக்கு இரண்டும் ஒரே உயிரணுவில் நேரவேண்டும். உயிரணுப் பிரிதலுக்குக் கடிவாளமிடும் ஆர்.பி.1 என்ற மரபணுவின் இரு பிரதிகளும் பழுதாவதே அந்த இரண்டு அடிகள் எனப் பின்னர் தெரியவந்தது.

ஆனால் அடி என்பது எழுத்துப் பிழையாகவே இருக்கவேண்டியதில்லை. மரபணுவின் தொடக்கப் பகுதியிலுள்ள சைட்டோசின்கள்மீது (டி.என்.ஏ.யின் நான்கு வேதி எழுத்துகளில் ஒன்று) மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகள் படிந்து, ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிய டி.என்.ஏ. இறுகிவிட்டால், எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் அதைப் படிக்க வழியில்லாமல் போகிறது. சில ரெட்டினோபிளாஸ்டோமா கட்டிகளில் ஆர்.பி.1 இப்படித்தான் மௌனமாகியிருக்கிறது. உயிரணு பிரியும்போது டி.என்.எம்.டி.1 என்ற நொதி இக்குறிகளையும் புதிய இழையில் படியெடுத்துவிடுவதால், மௌனம் சேய் உயிரணுக்களுக்கும் தொடர்கிறது. இந்தத் தொடர்ச்சிதான், எழுத்தை மாற்றாமல் மரபணுவின் செயலை மட்டும் மாற்றும் எபிஜெனெட்டிக் மாற்றத்தைப் பிறழ்வுக்கு நிகரான அடியாக்குகிறது என்பது என் கருத்து.

பிறழ்வு, எபிஜெனெட்டிக் மாற்றம் இரண்டையும் தனித்தனிப் பாதைகளாகப் பிரித்துக் காட்டும் விளக்கங்கள் எனக்கு நிறைவளிப்பதில்லை. பெருங்குடல் புற்றுநோய் சிலவற்றில், படியெடுக்கும் பிழைகளைத் திருத்த உதவும் எம்.எல்.எச்.1 மரபணு மெத்தில் குறிகளால் அடங்கிவிட, திருத்துவோர் இல்லாத டி.என்.ஏ.யில் பிழைகள் ஏராளமாகக் குவிகின்றன. மூளைக் கட்டிகள் சிலவற்றில் நடப்பதோ தலைகீழ்: ஐ.டி.எச்.1 மரபணுவின் ஒரே ஓர் எழுத்து மாறுகிறது. அதனால் உருவாகும் வேதிப்பொருள், மெத்தில் குறிகளை நீக்கும் நொதிகளைத் தடுப்பதால், மரபணுத் தொகுதி முழுவதும் குறிகள் பெருகுகின்றன.

எழுத்து அழியாததால் மூடிய ஏட்டைத் திறக்க முடியும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. சைட்டோசின்போலத் தோன்றி டி.என்.ஏ.க்குள் நுழைந்து, குறியிடும் நொதியைச் சிக்கவைக்கும் அசாசைட்டிடின் என்ற மருந்து, எலும்பு மச்சையைப் பாதிக்கும் மைலோடிஸ்பிளாஸ்டிக் நோய்த்தொகுதிக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனினும் அது வேண்டிய மரபணுவை மட்டும் தேர்ந்து திறப்பதில்லை. மருந்து நின்றால் குறிகள் மீண்டும் படியக்கூடும். வழக்கமாக 28 நாள்களில் 7 நாள் என்ற கணக்கில், சுற்றுச் சுற்றாக அதைத் தொடர்ந்து கொடுத்துவருகிறார்கள்.