இரண்டு ரோட்டர், ஒரு டர்போ, எட்டு டிகிரி பிழை

கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் முடித்து, காவேரிப்பட்டணத்தில் சித்தப்பாவின் டீசல் பம்ப் பட்டறையில் ஆறு ஆண்டுகள் தொழில் பழகிய பிறகுதான், ஓசூரில் ஒருவர் வாங்கி வைத்திருந்த மஸ்தா 13பி டர்போ ரோட்டரி இன்ஜினுக்கு (பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர்கள் சுழலும் இன்ஜின்) எரிபொருளும் இக்னிஷன் டைமிங்கும் (பிளக் பற்றவைக்கும் நேரமும்) அமைக்கும் வேலை என்னிடம் வந்தது. கற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே அந்த இன்ஜினை ஒருமுறை உடைத்துவிட்டேன். டியூனிங் தொடங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டிய பத்து நிமிடச் சோதனை ஒன்றை நான் செய்யாமல் விட்டதே அதற்குக் காரணம். இதே வேலையைப் பழக நினைப்பவர்கள் அந்தச் செலவை மிச்சப்படுத்திக்கொள்ளலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பிஸ்டன் இன்ஜினில் பழகிய கணக்குகளில் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது நேரக் கணக்கு. ரோட்டர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (பிஸ்டன் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டுக்கு இணையானது) மூன்று சுற்று சுற்றிவிடுகிறது. ரோட்டருக்கு மூன்று முகங்கள் இருப்பதால், ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு ரோட்டரும் ஒருமுறை எரிகிறது. 7000 ஆர்.பி.எம்.மில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.6 மில்லி செகண்டுதான் ஆகிறது. நான்கு ஸ்ட்ரோக் பிஸ்டன் இன்ஜினில் இன்ஜெக்டருக்கு இதைப்போல இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும். இங்கே இந்த 8.6 மில்லி செகண்டுக்குள் திறந்து, பெட்ரோலைத் தெளித்து, மூடிவிட வேண்டும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் இதில் 85 சதவீதத்தைத் தாண்டவிடக் கூடாது என்று வைத்துக்கொண்டால், 7.3 மில்லி செகண்டோடு இன்ஜெக்டரின் கதை முடிந்தது. 13பி-ஆர்.இ.டபிள்யூ. வகையில் மஸ்தா 550 சி.சி. இன்ஜெக்டர் இரண்டையும் 850 சி.சி. இன்ஜெக்டர் இரண்டையும் பொருத்தியதன் நியாயம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே எனக்குப் புரிந்தது.

சிறிய ஜோடி எப்போதும் வேலை செய்யும்; பெரிய ஜோடி சுமை ஏறும்போது சேர்ந்துகொள்ளும். அது சேரும் இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். தொலைவிலுள்ள பெரிய இன்ஜெக்டர் தெளிக்கும் பெட்ரோலில் ஒரு பகுதி முதலில் மேனிஃபோல்டின் (காற்று உள்ளே வரும் குழாயின்) சுவரை நனைப்பதற்கே போய்விடுவதால், ஒரு நொடிக்கும் குறைவான நேரம் கலவை மெலிந்துவிடுகிறது. பூஸ்ட் (டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தம்) ஏறிக்கொண்டிருக்கும் வேளையில் அந்த மெலிவு ஆபத்தானது. ஆகவே பெரிய ஜோடி சேரும் புள்ளியைப் பூஸ்ட் தொடங்குவதற்கு முன்பே வைத்து, மேப்பில் (சுமைக்கும் வேகத்துக்கும் ஏற்ற அளவுகளைச் சொல்லும் அட்டவணை) அந்த இடத்தைச் சுற்றியுள்ள கட்டங்களில் சற்றுக் கூடுதலாகவே எரிபொருள் கொடுக்கப் பழகுங்கள்.

நம் ஊர் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 பங்கு போதும். வேறு விதமாகச் சொன்னால், அதே காற்றுக்கு எட்டு ஒன்பது சதவீதம் கூடுதலான எரிபொருள் தேவைப்படுகிறது. வெளிநாட்டில் சுத்தமான பெட்ரோலுக்குத் தயாரித்த மேப்பை அப்படியே ஏற்றினால் இங்கே அது மெலிந்த கலவையையே தரும். எக்ஸாஸ்ட்டில் உள்ள கலவை மீட்டரை 14.7 கணக்கில் படித்துக் குழம்பாமல் லாம்ப்டாவில் (முழுமையாக எரியத் தேவையான காற்றில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற எண்; 1-க்குக் கீழே என்றால் எரிபொருள் அதிகம்) படிப்பது நல்லது, பூஸ்டில் 0.75-ஐ ஒட்டிய அளவிலிருந்து நான் தொடங்குகிறேன். இன்னொரு சிறு விஷயம், மேப்பின் அழுத்த அச்சு வெற்றிடத்திலிருந்து அளக்கும் முழு அழுத்தத்தைக் குறிக்கிறது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் இன்ஜின் நின்றிருக்கும்போதே திரை 91 கிலோபாஸ்கல் அளவில்தான் காட்டும். கிருஷ்ணகிரிக்கு இறங்கினால் 95-ஐ நெருங்கும். சென்சார் கெட்டுவிட்டதென்று நான் ஒருநாள் முழுவதும் ஒயரைக் குடைந்ததுண்டு.

லாம்ப்டா மீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அது அளப்பது ஆக்சிஜனை. பிளக் பற்றாமல் ஒரு சுற்று தவறினால், எரியாத ஆக்சிஜன் முழுவதும் எக்ஸாஸ்ட்டுக்குப் போய், கலவை மெலிந்திருப்பதாக மீட்டர் காட்டும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் பிளக் மேலும் நனையும். மீட்டர் மேலும் மெலிவு காட்டும். ஐட்லிங்கில் இந்தச் சுழலில் நான் இரண்டு வாரம் சிக்கியிருந்தேன். மீட்டர் மெலிவு காட்டும்போது இன்ஜின் குலுங்கவும் செய்தால், பெட்ரோலைக் குறைத்துப் பாருங்கள். சத்தம் சீரானால் மீட்டர் ஏமாற்றியிருக்கிறது என்று பொருள்.

இனி டைமிங். ரோட்டரியின் எரியறை நீண்டு தட்டையாக, நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒரு பிளக்கின் தீ முழுவதையும் எட்டுவதில்லை. அதனால் ஒவ்வொரு ரோட்டருக்கும் லீடிங், டிரெய்லிங் என இரண்டு பிளக்குகள். டிரெய்லிங் சற்றுப் பிந்திப் பற்றும். அந்த இடைவெளியை ஸ்பிளிட் என்கிறோம். ஒரு பார் பூஸ்டில் லீடிங்கை டி.டி.சி.க்கு (அறை மிகக் குறுகி நிற்கும் புள்ளிக்கு) முன் 10 டிகிரியிலும், ஸ்பிளிட்டை 15 டிகிரியிலும் வைத்துத் தொடங்குவது என் வழக்கம். பிறகு கூட்டினாலும் ஒவ்வொரு டிகிரியாகத்தான், அதுவும் டைனோவில் (இன்ஜினின் பவரை அளக்கும் கருவியில்) பவர் உண்மையிலேயே ஏறினால் மட்டும்தான் கூட்டுவேன். ஸ்பிளிட்டைக் குறைத்துப் பவர் தேடும் ஆசையைப் பழகும் காலத்தில் விட்டுவிடுவது உத்தமம். அதேசமயம், பயந்துகொண்டு டைமிங்கை மிகவும் பின்னுக்கு இழுத்தால் எரிதல் எக்ஸாஸ்ட் வரை நீண்டு, ஏற்கெனவே சூடான ரோட்டரி எக்ஸாஸ்ட்டும் டர்போவும் இன்னும் காயும்.

சித்தப்பா டீசல் இன்ஜினைக் காதால் கேட்டே எந்த சிலிண்டரில் குறை என்று சொல்லக்கூடியவர். ஓசூருக்கு வந்து இதைக் கேட்டுவிட்டு, "இது தையல் மெஷின் மாதிரி ஓடுதுடா, இதுல நான் என்னத்தக் கேக்குறது?" என்றார். அவர் சொன்னது சரிதான். ரோட்டரியில் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) காதுக்கு எட்டும் முன்பே ரோட்டரின் முனையிலுள்ள 2 மில்லிமீட்டர் கனமுள்ள அபெக்ஸ் சீல் உடைந்துபோகலாம்.

எனக்கு நடந்தது அதுதான். புதிய இ.சி.யு.வைப் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியைப்) பொருத்தியபோது, ஷாஃப்டின் பல்சக்கரத்துக்கும் டி.டி.சி.க்கும் உள்ள ஆஃப்செட் (கோண இடைவெளி) எண்ணை வேறொரு மேப்பிலிருந்து எடுத்துப் போட்டேன். இன்ஜின் உடனே ஸ்டார்ட் ஆனது, ஐட்லிங் நன்றாக இருந்தது. ஆகவே எண் சரியென்று முடிவு செய்துவிட்டேன். டைனோவில் ஏற்றிய நான்காவது ஓட்டத்தில், திரையில் டைமிங் 12 டிகிரி, லாம்ப்டா 0.76 என எல்லாம் ஒழுங்காக இருந்தபோதே, பின் ரோட்டர் போய்விட்டது. பிளக்கைக் கழற்றி ஸ்டார்ட்டரில் சுழற்றினால் சீராக வர வேண்டிய மூன்று மூச்சில் ஒன்று அழுத்தமாகவும் இரண்டு ஈனஸ்வரமாகவும் வந்தன. ஒரு சீல் இரண்டு அறைகளுக்குப் பொதுவானது என்பதால், ஒரு சீல் உடைந்தால் இரண்டு மூச்சு குறையும். அன்று மாலைதான் டைமிங் லைட்டை (பிளக் பற்றும் கணத்தில் மின்னும் விளக்கை) எடுத்துப் பிடித்தேன். திரையில் இருந்ததைவிட எட்டு டிகிரி முன்னால் பற்றிக்கொண்டிருந்தது. நான் 12 என்று எண்ணியது உண்மையில் 20.

நான் செய்யாமல் விட்ட பத்து நிமிடச் சோதனை இதுதான். இந்த இன்ஜினின் புல்லியில் லீடிங்குக்கு டி.டி.சி.க்குப் பின் 5 டிகிரி, டிரெய்லிங்குக்கு டி.டி.சி.க்குப் பின் 20 டிகிரி என இரண்டு கோடுகள் இருக்கின்றன. இ.சி.யு.வில் டைமிங்கை அந்த அளவில் பூட்டிவிட்டு, இரண்டு கோடுகளும் முன்னட்டையின் ஊசிக்கு நேராக வருகின்றனவா என்று லைட்டில் பாருங்கள். ஐட்லிங்கில் மட்டும் பார்ப்பது போதாது. 4000 வரை ஏற்றியும் பாருங்கள். இரண்டாம் முறை கட்டிய இன்ஜினில் ஐட்லிங்கில் கோடு அச்சாக நின்றது, 4000-ல் இரண்டு டிகிரி நகர்ந்தது. சென்சார் சிக்னலின் தாமதத்துக்கான எண்ணைத் திருத்தி, கோடு அசையாமல் நின்ற பிறகே லேப்டாப்பில் எரிபொருள் மேப்பைத் திறந்தேன். அன்று 0.3 பார் வரை மட்டும் கட்டங்களை நிரப்பினோம். உள்ளே வரும் காற்றின் வெப்பம் 55 டிகிரியைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு, நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்துப் பார்த்தோம். நான்கும் ஒரே நிறத்தில் இருந்தன.