லோகோவ விடுங்க, எந்த வருஷம் எந்த இன்ஜின்னு சொல்லுங்க

கார் வாங்குறவங்க ஆஃபர் பாத்து கம்பெனி மாத்திடுவாங்க, பிக்கப் (பின்னாடி தொறந்த தொட்டி வச்ச வண்டி) வாங்குறவங்க அவ்ளோ சீக்கிரம் மாத்த மாட்டாங்க. அப்பா ஃபோர்டுன்னா புள்ளையும் ஃபோர்டு, அப்பா செவர்லேன்னா ஃபோர்டு பக்கமே தல வச்சு படுக்க மாட்டான். அமெரிக்காவுல எதிர் கம்பெனி லோகோ மேல ஒரு பொடியன் ஒன்னுக்கு போற மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிட்டு சுத்துற ஆளுங்க எல்லாம் உண்டு.

இதுல காமெடி என்னன்னா செவர்லே சில்வராடோவும் ஜிஎம்சி சியராவும் அடியில ஒரே வண்டிதான், மூஞ்சியும் உள்ள இருக்குற சாமானும்தான் வேற. 2020ல வந்த மாஸ்டா பிடி-50யும் இசுஸு டி-மேக்ஸும் அதே கதை, இப்ப வர்ற ஃபோக்ஸ்வேகன் அமராக் ஃபோர்டு ரேஞ்சரோட சேசிஸ் (அடிச்சட்டம்) மேல உக்காந்திருக்கு, மெர்சிடிஸ் கூட நிசான் நவாராவ எடுத்து பட்டி டிங்கரிங் பாத்து எக்ஸ்-கிளாஸ்னு 2017ல எறக்குச்சு, 2020ல மூட்டைய கட்டிருச்சு. அப்போ நாம யாருக்காக சண்ட போடுறோம்?

அதனால யாராச்சும் "எந்த பிராண்ட் நல்லது"ன்னு கேட்டா நான் திருப்பி கேக்குறது எந்த வருஷ வண்டி, எந்த இன்ஜின். ஃபோர்டோட பெரிய பிக்கப்ல வந்த 7.3 லிட்டர் டீசல பத்தி பேசுனா இன்னிக்கும் பழைய ஓனருங்க கண்ணுல ஒத்திக்குவாங்க. அதுக்கு அடுத்து 2003ல வந்த 6.0 லிட்டர் அப்படியே தலைகீழ், ஹெட் கேஸ்கெட், ஆயில் கூலர், ஈஜிஆர் கூலர்னு வரிசையா பிரச்சன. ரெண்டையும் செஞ்சு குடுத்தது நேவிஸ்டார்ங்கிற ஒரே கம்பெனிதான், வண்டி மேல இருந்த லோகோவும் ஒன்னுதான்! லோகோவ பாத்து வாங்குனவன் கதி என்ன ஆகிருக்கும்.

டொயோட்டாகாரங்க இத படிச்சு சிரிக்க வேணாம். ஹைலக்ஸ் பேரு சும்மா வரல, 1968ல இருந்து ஒழைச்சு வாங்குன பேரு, அத நான் மறுக்கல. ஆனா அதே கம்பெனியோட டகோமா, டண்ட்ரா வண்டிங்கள்ல சேசிஸ் துருப்பிடிச்சு ஓட்ட விழுந்து, கேஸ் நடந்து, 2016ல செட்டில்மென்ட் வரைக்கும் போச்சு. 2024ல புது டண்ட்ராவோட வி6 (ஆறு சிலிண்டர்) இன்ஜினுக்குள்ள மெஷினிங் துகள் தங்கிருச்சுன்னு சுமார் ஒரு லட்சம் வண்டிய திரும்ப கூப்டாங்க, பழைய எட்டு சிலிண்டர் வி8 வச்சிருந்தவங்க அன்னைக்கு விட்ட நிம்மதி பெருமூச்சு இருக்கே.

ராம்னு இன்னொரு அமெரிக்க பிக்கப் கம்பெனி, அவங்க ஆளுங்க வேற ரகம். பெரிய டீசல் ராம் வாங்குறதுல பாதி பேரு வாங்குறது வண்டிய இல்ல, உள்ள இருக்குற கம்மின்ஸ் இன்ஜின, அது டாட்ஜ்னு பேரு இருந்த 1989லயே வந்துருச்சு. பெட்ரோல்ல ஹெமின்னு ஒரு வி8 இன்ஜின். 2025 மாடல் ராம் 1500ல அத தூக்கிட்டு டர்போ ஆறு சிலிண்டர் வச்சாங்க, அது 420 ஹார்ஸ்பவர், ஹெமி 395தான், பேப்பர்ல புதுசுதான் ஜெயிக்குது, ஆனா ஜனங்க விடல, 2026 மாடல்லயே வி8 திரும்பி வந்துருச்சு. சத்தத்துக்காக இன்ஜின் வாங்குறது லூசுத்தனம்னு சொல்லலாம்தான், எனக்கு சொல்ல மனசு வரல.

என் வண்டி டபுள் கேப் (ரெண்டு வரிசை சீட்டு) டீசல். பேரு சொல்ல மாட்டேன், சொன்னா ரெண்டு பக்கமும் சண்டைக்கு வருவாங்க. பின்னாடி லீஃப் ஸ்பிரிங் (லாரில இருக்குற பட்டை ஸ்பிரிங்), காலியா ஓட்டுனா ஸ்பீட் பிரேக்கர்ல தூக்கி போடும், பின்னாடி கொஞ்சம் லோடு ஏத்துனா அப்படியே அடங்கிரும். வாங்குன புதுசுல வீடு மாத்துற சொந்தக்காரங்க எல்லாருக்கும் நம்ம நம்பர் ஞாபகம் வரும், அத தடுக்க முடியாது. டிபிஎஃப்தான் கடுப்பு, அதாவது டீசல் புகையில இருக்குற கரிய புடிக்குற ஃபில்டர். பக்கத்து தெருவுக்கே ஓட்டிட்டு இருந்தா ஃபில்டர்ல சேர்ற கரி எரியுறதுக்கு சூடு பத்தாது, லைட்டு எரியும். ஒரு சர்வீஸ் சென்டர்ல ஃபில்டரையே மாத்தணும்னாங்க, நான் ஹைவேல ஒரு நல்ல நீளமான ரவுண்டு போயிட்டு வந்தேன், லைட்டு அணைஞ்சிருச்சு.

விளம்பரத்துல யாரும் வெளக்கி சொல்லாத விஷயம் பேலோடு, அதாவது வண்டி மேல ஏத்தக்கூடிய மொத்த வெயிட். இவ்ளோ டன் இழுக்கும்னு பெருசா போடுவாங்க, ஆனா டிரெய்லரோட மொத்த வெயிட்ல 10-ல இருந்து 15 சதவீதம் ஹிட்ச் (டிரெய்லர மாட்டுற கொக்கி) மேல எறங்கும், அது பேலோடு கணக்குலதான் சேரும். 3000 கிலோ டிரெய்லர்னா 300-ல இருந்து 450 கிலோ அங்கயே போச்சு, அதுக்கு மேல குடும்பம், பின் தொட்டியில இருக்குற சாமான், நீங்க ஆசைப்பட்டு அது மேல மாட்டுன கேனோபி மூடி, ஸ்டீல் பம்பர் எல்லாம் இதுலயே அடங்கணும். இழுக்குற லிமிட்டுக்கு முன்னாடியே தூக்குற லிமிட் முடிஞ்சிரும். வேரியன்ட் மேல போக போக சன்ரூஃப் அது இதுன்னு வண்டி வெயிட்டும் ஏறும், பேலோடு கொறையும், அதனால பல மாடல்ல டாப் என்ட விட பேஸ் மாடல் அதிகமா சொமக்கும். பிரவுச்சர விட்டுட்டு வண்டியில ஒட்டியிருக்குற லோடு ஸ்டிக்கர படிங்க, டிரைவர் டோர தொறந்தா பெரும்பாலும் அங்கயே இருக்கும்.

செகண்ட் ஹேண்ட்னா டார்ச் எடுத்துட்டு அடியில படுத்துருங்க. சேசிஸ் உள்பக்கம், பின் ஆக்ஸில் மேல, ஸ்பேர் டயர் தொங்குற எடம், சேறு தங்குறதே அங்கதான். புது பெயின்ட் அடிச்சிருந்தா எனக்கு இன்னும் சந்தேகம் கூடும். அப்புறம் பக்கத்துல இருக்குற மெக்கானிக்குக்கு எந்த கம்பெனி வண்டி கை பழக்கம், பார்ட்ஸ் எது சட்டுன்னு கெடைக்கும், இதுக்காக ஒரே பிராண்ட புடிச்சிட்டு தொங்குனா அது நியாயம், நான் ஒத்துக்குவேன்.

அடுத்த வண்டியும் இதே கம்பெனியான்னு கேட்டா, அப்ப எந்த இன்ஜின் போட்டு விக்கிறாங்கன்னு பாத்துட்டுதான் சொல்லுவேன். வீட்ல மட்டும் இப்பவே கண்டிஷன் போட்டாச்சு, பின் சீட்டு செவுரு மாதிரி நட்டுக்குத்தா நிக்காம கொஞ்சமாச்சும் சாயணுமாம், டார்க் (இன்ஜினோட இழுவை) எவ்ளோன்னு அவங்க கேக்கவே இல்ல.