முதல் நாலு வரி போதும்

தென்மாவட்டத்து அம்மன் கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டு தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். எடுத்த எடுப்பில் யாரும் கதைக்குள் போவதில்லை. வில்லும் குடமும் உடுக்கையும் ஜால்ராவும் கொஞ்ச நேரம் முழங்கும். அப்புறம் சாமியைக் கும்பிடுகிற காப்பு, இன்ன கதை பாடப்போகிறோம் என்கிற வருபொருள், குருவை வணங்குகிற குருவடி, பிழை பொறுக்கச் சொல்கிற அவையடக்கம். பாடுகிறவருக்கு இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். பாடி முடிப்பதற்குள் தொண்டை திறந்துவிடும், கூட்டமும் பிடிபட்டுவிடும். மேடை நடுக்கத்துக்கு நம்ம பக்கத்து வைத்தியம் இதுதான்.

நடுக்கம் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நிமிடத்துச் சோலி. பேரைக் கூப்பிட்டதும் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கும், நாக்கு வறளும், விரல் ஜில்லிடும், மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும். அதனால்தான் குரல் கீச்சென்று ஏறி, வரியின் கடைசிச் சொல் காற்றாகப் போகிறது. முந்தின ஆள் பேசும்போதே நாலு எண்ணி மூச்சை இழுத்து, எட்டு எண்ணி விடுங்கள். ஐந்தாறு தடவை. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால்தான் படபடப்பு இறங்கும். வேகவேகமாக இழுத்து விட்டால் தலைதான் சுற்றும்.

முழுப் பேச்சையும் நெட்டுருப் போடுவது பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிப் பழக்கம். ஒரு சொல் நழுவினால் அதோடு கோத்தது அத்தனையும் போச்சு. முதல் நாலு வரி, கடைசி இரண்டு வரி மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும், பாத்திரம் விளக்கிக்கொண்டே சொல்ல வருகிற அளவுக்கு. நடுவில் மூன்று விஷயம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். அதைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கம் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். மெல்லிய தாள் கை நடுக்கத்தைக் கூட்டிக் காட்டும், மைக்கில் சரசரக்கும். அட்டை காட்டிக்கொடுக்காது.

அவையடக்கம் விஷயத்தில் மட்டும் வில்லுக்காரர்களைப் பின்பற்ற வேண்டாம். அவர்களின் திறமை ஊருக்கே தெரியும், பிழை பொறுக்கச் சொன்னால் அழகு. புதிதாகப் பேசுகிறவர் “எனக்கு அவ்வளவாப் பேச வராது” என்று ஆரம்பித்தால், கூட்டம் பிழையை எண்ண ஆரம்பித்துவிடும். மேடையில் இருக்கிற பன்னிரண்டு பேரையும் பேர் சொல்லி விளிப்பதும் வம்புதான். ஒருவர் விட்டுப்போனால் உங்கள் நினைப்பெல்லாம் அவர் முகத்திலேயே நிற்கும். “பெரியோர்களே, தாய்மார்களே” போதும்.

மைக்கை வாய்க்கு நாலு விரல் தள்ளி, முகவாய்க்கு நேராக வையுங்கள். தலைப்பகுதியைக் கையால் பொத்தினால் கூவும். தெருவில் கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்தால், உங்கள் குரலே அரை நொடி கழித்துத் திரும்பி வந்து குழப்பும். வரிக்கு வரி நிறுத்திப் பேசினால்தான் தப்பிக்கலாம். யாராவது அன்போடு அல்வாவை நீட்டினால் பேசி முடித்தபிறகு வாங்கிக்கொள்ளுங்கள். நெய்யும் சீனியும் தொண்டையில் ஒட்டிக்கொண்டு கனைக்க வைக்கும்.

நடுவில் மறந்துவிட்டதா? சொன்ன கடைசி வரியை நிதானமாக இன்னொரு தடவை சொல்லிவிட்டு அட்டையைப் பாருங்கள். கேட்கிறவர்களுக்கு அது அழுத்திச் சொன்னதாகத்தான் படும். வில்லில் ஒவ்வொரு அடிக்கும் “ஆமா” போடப் பக்கத்தில் ஆள் இருப்பார். கூட்டத்திலும் தலையாட்டுகிற முகம் ஒன்று இருக்கும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி முன்னால் பேசிப் பழகுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆள் முன்னால்தான் ஆள் பயம் போகும். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். “எங்க தெருவுல ரெண்டு லைட் எரியல. இருபது நாளாச்சு. என்னைக்கு மாட்டுவீங்க?” மூன்றே வரி, நம்ம பேச்சிலேயே. மேடைக்கென்று செந்தமிழைக் கடன் வாங்கினால்தான் நாக்கு இடறும். எழுந்து நின்று கேளுங்கள், பதில் வருகிறவரைக்கும் உட்காராதீர்கள்.