லிண்டலோடு நின்ற வீடுகள்

பொருளாதார நெருக்கடி என்றால் வங்கி வந்து வீட்டைப் பூட்டும், குடும்பம் சாமான் சட்டிகளோடு தெருவில் நிற்கும் என்ற படம்தான் பலருடைய மனதில் இருக்கிறது. 2008 இல் அமெரிக்காவிலிருந்து வந்த செய்திகள் பதித்துவிட்டுப் போன படம் அது. 2022 இல் இலங்கை கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அப்படியான காட்சிகள் அதிகம் இருக்கவில்லை. ஆகவே எரிவாயு வரிசையையும் பெற்றோல் வரிசையையும் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு வீடுகளைப் பற்றி எழுதப்படவில்லை. இங்கே வீடுகள் பறிபோகவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டிய இடத்திலேயே நின்றுபோயின. அவற்றுள் பல இன்னும் அப்படியே நிற்கின்றன.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் பக்கத்தில் வீடு எப்படி எழும்புகிறது என்பதைச் சொல்ல வேண்டும். மாதச் சம்பளமும் நிரந்தர வேலையும் உள்ள சிலரைத் தவிர, பெரும்பாலான குடும்பங்கள் வங்கிக் கடன் எடுத்து ஒரே மூச்சில் வீடு கட்டுவதில்லை. ஒரு வருடம் சீட்டு விழுந்தால் அத்திவாரம்; அடுத்த போகத்தில் வெங்காயமோ புகையிலையோ கைகொடுத்தால் சுவர்; வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஒருவன் அனுப்பினால் கூரை; கதவும் யன்னலும் பூச்சும் அதற்குப் பிறகு எப்போதாவது. வங்கியில் சேமிப்புப் புத்தகம் வைத்திருப்பதைப் போல இவர்கள் காணிக்குள் சேமிப்பை வைத்திருக்கிறார்கள். கல்லாகவும் கம்பியாகவும் மணல் கும்பியாகவும். விலைவாசி மெதுவாக ஏறும் காலத்தில் இது புத்திசாலித்தனமான முறை. கையில் வைத்திருந்தால் கரைந்துவிடக்கூடிய காசு சுவராக மாறி நிற்கும், வட்டியும் இல்லை, வங்கிக்காரரின் முகத்தில் விழிக்கவும் தேவையில்லை.

இந்த முறையின் பலவீனம் 2022 இல்தான் தெரிந்தது. அரைவாசி கட்டிய வீட்டை விற்கவும் முடியாது, அதில் ஒழுங்காகக் குடியிருக்கவும் முடியாது. மிச்சத்தைக் கட்டத் தேவையான பொருளின் விலையோ சில மாதங்களுக்குள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிட்டது. 2021 இல் ஆயிரம் ரூபாயை ஒட்டி வாங்கிய ஐம்பது கிலோ சீமெந்துப் பை 2022 நடுப்பகுதியில் மூவாயிரம் ரூபாய் அளவுக்குப் போனது. சீமெந்துக்கான மூலப்பொருளும் கம்பியும் டொலரில் வருபவை. 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைக்கப்பட்டிருந்த டொலர், மார்ச் மாதத்தில் பிடி விடப்பட்டதும் சில வாரங்களில் 360 ஐத் தாண்டியது. மணல் உள்ளூர்ப் பொருள்தானே என்று கேட்கலாம். அதை ஏற்றி வரும் உழவு இயந்திரம் டீசலில் ஓடுகிறது. 2021 முடிவில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த டீசல் 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாய். அந்த விலையிலும் வரிசையில் நின்றால்தான் கிடைக்கும். நின்றாலும் சில நாட்களில் கிடைக்காது.

எனக்கு மச்சாள் முறையான ஒருவரின் வீடு வன்னியில் இருக்கிறது. 2018, 2019 காலத்தில் தொடங்கப்பட்ட அரச வீட்டுத்திட்டம் ஒன்றில் அவர்களுக்கும் பெயர் வந்தது. கட்டம் கட்டமாகக் காசு தருவோம், முதலில் அத்திவாரத்தைப் போடுங்கள் என்றார்கள். இருந்த தகரக் கொட்டிலைப் பிரித்து அந்த இடத்திலேயே அத்திவாரம் வெட்டினார்கள். ஆட்சி மாறியது, கட்டக் காசு நின்றது. கையிலிருந்த நகையை அடகு வைத்து லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு யன்னல்களுக்கு மேல் வரும் விட்டத்தின் உயரத்துக்கு, கொண்டுவந்தார்கள். அதற்கு மேல் ஏற முடியாமல் 2022 வந்து சேர்ந்தது. நான் போனபோது தூண்களுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளுக்குச் சீமெந்துப் பால் பூசி, மேலே பொலித்தீன் பையால் கட்டியிருந்தார்கள். மழைக்குத் துருப்பிடித்தால் அந்தக் கம்பியோடு புதுக் கம்பியைப் பிணைத்துக் கட்டுவது ஆபத்து என்று மேசன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கூரை இல்லாத அறைக்குள் வைத்திருந்த நாலைந்து சீமெந்துப் பைகள் மாரி ஈரத்தில் இறுகிவிட்டன. அவற்றைக் கிணற்றடியில் கால் கழுவும் படியாகப் போட்டிருக்கிறார்கள். “நகையை என்றைக்காவது மீட்கலாம் அண்ணை, இந்தக் கம்பி போனால் மீட்கேலாது” என்று மச்சாள் சொன்னார். வட்டி கட்டாமல் நகையும் பிறகு ஏலத்துக்குப் போய்விட்டது.

அடகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரூபாய் விழுந்ததால் தங்கத்தின் விலை ஏறியது; அதனால் அதே சங்கிலிக்கு முன்னரைவிடக் கூடிய காசு கொடுத்தார்கள். அந்த மாதங்களில் பல குடும்பங்களின் அடுப்பு எரிந்தது அந்தக் காசில்தான். ஆனால் வீடு கட்டுபவருக்குத் தாலிக்கொடியைத் தவிர மிச்ச நகையெல்லாம் கூரைக்கான கடைசிக் கையிருப்பு. அது அரிசிக்கும் பால்மாவுக்கும் போய்விட்டது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். உலக வங்கியின் கணிப்பில் வறுமை 2021 இல் 13.1 வீதமாக இருந்து அடுத்த வருடம் 25 வீதமானது. இந்த எண்களை ஒரு வீட்டு மட்டத்துக்குக் கொண்டுவந்தால் அதன் பொருள் இதுதான்: கூரைக்கு என்று ஒதுக்கியதைச் சாப்பிட்டுத் தீர்த்தார்கள்.

வீட்டுக்குள்ளும் மாற்றம் வந்தது. 2021 ஒக்ரோபர் வரை 1,493 ரூபாயாக இருந்த பன்னிரண்டரைக் கிலோ எரிவாயுச் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாயானது. விறகுக்குத் திரும்புவோம் என்று எல்லோரும் சுலபமாகச் சொன்னார்கள். கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் கட்டிய வீடுகளில் பலர் குசினிக்குப் புகைக்கூடு வைக்கவே இல்லை. எரிவாயு இருக்கும்போது அது எதற்கு என்று அந்தச் செலவை மிச்சம் பிடித்திருந்தார்கள். ஆகவே புதுவீட்டின் பின்புறத்தில் நாலு தடியும் பழைய தகரமுமாக ஒரு சமையல் கொட்டில் முளைத்தது. எங்கள் ஒழுங்கையில் கட்டட வேலைக்குச் சாரம் கட்டுவதற்கென்று அடுக்கி வைத்திருந்த தடிகளே அந்த வருடம் விறகாயின. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் உயர்ந்தது. அதே 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியது. மின் இணைப்பு எடுக்காமல் பாதி வீட்டில் குடியேறியிருந்தவர்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குத்தான் வெளிச்சம் என்பதை விலையை நிர்ணயித்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

வங்கியில் வீட்டுக் கடன் எடுத்த சிறுபான்மையினரின் கதை வேறு. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வட்டி மாறும் என்ற நிபந்தனையோடு கடன் எடுத்த ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் அந்த நிபந்தனையை அப்போதுதான் முதன்முறையாகக் கவனமாக வாசித்தார்கள். 20 லட்சம் ரூபாய்க் கடனுக்குப் 10 வீதத்தில் வருட வட்டி 2 லட்சம். 20 வீதத்தில் 4 லட்சம். சம்பளம் அப்படி இரட்டிக்கவில்லை. வங்கிகள் பலருக்குத் தவணைக் காலத்தை நீட்டிக் கொடுத்தன. வீடு தப்பியது, கடன் ஓய்வூதிய வயதை நோக்கி நீண்டது.

யாழ்ப்பாணத்தில் வீட்டோடு இன்னொன்றும் பிணைந்திருக்கிறது. இங்கே வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழமை. சீதனத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அது இருக்கிறது என்பதை மறைத்துவிட்டு இங்குள்ள வீட்டுப் பொருளாதாரத்தைப் பேச முடியாது. மூத்தவளுக்கு வீடு முடியாவிட்டால் அவளுடைய கலியாணம் தள்ளிப்போகும், அவளுடையது தள்ளிப்போனால் இளையவளுடையதும் தள்ளிப்போகும். கலியாணம் முடித்தவர்களும் தனிவீடு போக வழியில்லாமல் தாய் தகப்பனோடு ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிறார்கள். விறாந்தையை ஒட்டுப்பலகையால் மறைத்து அறையாக்கிய வீடுகளை நான் எண்ணத் தொடங்கினால் எங்கள் சொந்தத்துக்குள்ளேயே பல வரும்.

இத்தனைக்கும் நடுவில் அதே ஊரில் மாடி வீடுகளும் எழும்பின. ரூபாய் விழுந்தால் எல்லோரும் விழுவதில்லை. வெளிநாட்டிலிருந்து அனுப்பிய 100 டொலர் முன்பு 20,000 ரூபாயாக வந்தது; 2022 நடுப்பகுதியில் அதே 100 டொலர் 36,000 ரூபாய். கட்டடப் பொருளின் விலை அதைவிட வேகமாக ஏறியதால் அவர்களுக்கும் வீடு மலிவாகக் கிடைக்கவில்லை, ஆனால் வேலை நிற்கவில்லை. காணி விடயத்தில் வித்தியாசம் இன்னும் கூர்மையாக இருந்தது. பரப்பு (இங்கே காணியை அளக்கும் அலகு) விலையை ரூபாயில் யோசிக்கும் உள்ளூர்க்காரரும், டொலரிலோ பவுணிலோ யோசிக்கும் வாங்குபவரும் ஒரே காணிக்குப் பேரம் பேசும்போது யார் கையில் காணி உறுதிப் பத்திரம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. கடன் நெருக்கிய குடும்பங்கள் ஒழுங்கை முகப்புக் காணியை விற்றுவிட்டு உள்வளவில் ஒதுங்கிய சம்பவங்களை நான் அறிவேன். புலம்பெயர்ந்தவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களுடைய காசு இல்லாவிட்டால் அந்த வருடம் இங்கே பல வீடுகளில் உலை வைத்திருக்க முடியாது. ஆனால் வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இடையில் முன்பிருந்தே இருந்த வேலியை நெருக்கடி மதிலாக்கிவிட்டது.

இப்போது நிலைமை சீராகிவிட்டது என்கிறார்கள். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் வந்தது. அவ்வருட செப்ரெம்பரில் பணவீக்கம் 1.3 வீதத்துக்கு இறங்கியது. பணவீக்கம் குறைவது என்றால் விலை ஏறும் வேகம் குறைவது, அவ்வளவுதான். சீமெந்துப் பை பழைய ஆயிரம் ரூபாய்க்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். பழைய வீட்டுத்திட்டங்களில் நின்ற வீடுகளுக்கு மிச்சக் காசு வரும் என்று அவ்வப்போது சொல்லப்படுகிறது. வந்தாலும், 2018 இல் கூரைக்குப் போதும் என்று கணக்கிட்ட தொகை இன்று கூரைக்கான மரத்துக்கே காணாது. இனியொரு திட்டம் தீட்டுபவர்கள் ரூபாய்த் தொகையை எழுதி நிறுத்தாமல், ஒவ்வொரு கட்டத்துக்கும் இத்தனை பை சீமெந்து, இத்தனை கம்பி, இத்தனை கூரைச் சீற் என்று பொருளில் கணக்கிட்டு அன்றைய விலையில் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதிகாரிகளுக்கு அது கரைச்சல்தான். பாதியில் நிற்கும் வீட்டுக்குள் பிள்ளை வளர்ப்பது அதைவிடக் கரைச்சல்.

காசு சேர்த்தவர்களுக்கும் இப்போது இன்னொரு தடை இருக்கிறது. 2022 இல் மட்டும் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்கென்று பதிவுசெய்து வெளிநாடு போனார்கள்; எங்கள் பக்கத்து மேசன்மாரும் தச்சுவேலைக்காரரும் வயரிங் செய்பவர்களும் அவர்களோடு போய்விட்டார்கள். மச்சாள் வீட்டுச் சுவரைக் கட்டிய மேசன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறார். மிச்சத்தைக் கட்ட வந்து பார்த்த புது ஆள், சுவரின் மேல் இரண்டு வரிக் கல்லையும் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று சொல்லி, நாட்கூலிக்கு வராமல் ஒப்பந்தமாகப் பேசுகிறார். அந்தத் தொகைக்கு இன்னொரு சீட்டுப் பிடித்திருக்கிறார்கள்.