இரண்டு டைம்ஸ்டாம்ப்பைக் கழித்தால் 5000 வருவது ஏன்?

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஒரு வேலை 2024-05-01 அன்று 09:55:00-க்குத் தொடங்கி 10:05:00-க்கு முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் தேதியும் நேரமும் சேர்ந்த டேட்டைம் ஃபீல்டுகள். முடிவிலிருந்து தொடக்கத்தை வெறும் கழித்தல் குறி போட்டுக் கழித்துப் பாருங்கள்: விடை 5000. பத்து நிமிடத்துக்கு 600 விநாடிதானே வர வேண்டும்?

இங்கே நேரம் கழிக்கப்படவே இல்லை. 20240501100500, 20240501095500 என்று இரண்டையும் எண்ணாக்கி, அந்த எண்களைக் கழித்திருக்கிறது. எர்ரர் எதுவும் வராது. 10:05:00, 10:05:40 என்று ஒரே நிமிடத்துக்குள் அடங்கும் டெஸ்ட் டேட்டாவில் விடை 40 என்று சரியாகவே வந்துவிடும் என்பதுதான் இதில் ஆபத்து. டெஸ்டில் தப்பித்து லைவில் மாட்டும். டைம்ஸ்டாம்ப்டிஃப் ஃபங்ஷனுக்கு செகண்ட் என்ற அலகு, தொடக்கம், முடிவு என்று இதே வரிசையில் கொடுங்கள், 600 கிடைக்கும்.

போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் கழித்தல் ஒழுங்காக நடந்து இன்டர்வெல், அதாவது கால இடைவெளி, கிடைக்கும். சறுக்கல் அடுத்த படியில். 2 மணி 10 நிமிட இன்டர்வெல்லிலிருந்து ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்ட் போட்டு மினிட்டை எடுத்தால் 130 வராது, 10தான் வரும். மொத்த நிமிடம் வேண்டுமென்றால் எபாக்கை, அதாவது மொத்த விநாடிகளை, எடுங்கள். 7800 விநாடி வரும், அதை 60-ஆல் வகுத்தால் போதும்.

இந்த இரண்டிலுமே மாதக் கணக்கு இன்னும் நுணுக்கமானது. 2024 ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 29. அந்த விடையுடன் மறுபடி ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 29. ஜனவரி 31-உடன் நேராக இரண்டு மாதம் கூட்டினாலோ மார்ச் 31! சந்தா, தவணை போன்றவற்றில் போன மாதத் தேதியிலிருந்து அடுத்ததைக் கணக்கிடவே கூடாது. முதல் தேதியைச் சேமித்து வைத்து, அதனுடன் எத்தனையாவது மாதமோ அத்தனை மாதத்தைக் கூட்டுங்கள்.

ஒரு நாளும் 24 மணி நேரமும்கூட ஒன்றல்ல. நியூயார்க்கில் 2024 மார்ச் 10 அன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. போஸ்ட்கிரஸில் செஷனின் (டேட்டாபேஸுடனான உங்கள் இணைப்பின்) டைம் ஜோன் நியூயார்க்காக இருக்கும்போது, முந்தைய நாள் பகல் 12 மணியுடன் ஒரு நாளைக் கூட்டினால் மறுநாள் 12 மணி. 24 மணி நேரத்தைக் கூட்டினால் 1 மணி. இது டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஜோன் டைப்பில் மட்டும்தான். பெயரைப் பார்த்து அந்த டைப் ஜோனைச் சேமிக்கிறது என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருப்பது யுடிசி என்ற உலகப் பொது நேரம் மட்டுமே, காட்டும்போது செஷனின் ஜோனுக்கு மாற்றித் தருகிறது. வித்அவுட் டைம் ஜோன் டைப்புக்கு +02:00 என்று சேர்த்துக் கொடுத்தால், அந்தப் பகுதியைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். நடந்த நிகழ்வு எதையும் வித் டைம் ஜோனில் வைப்பதே சரி.

ஃபார்மேட்டில் அடிக்கடி பார்க்கும் தவறு: போஸ்ட்கிரஸிலும் ஆரக்கிள் டேட்டாபேஸிலும் நேரத்தை எழுத்தாக்கும் டு_சார் ஃபங்ஷனை எழுதும்போது நிமிடத்துக்கு எம்எம் போடுவது. அது மாதம். நிமிடத்துக்கு எம்ஐ. வெறும் எச்எச் என்றால் 12 மணிக் கடிகாரம், அதனால் மார்ச் மாதத்து 14:35-ஐ எச்எச்:எம்எம் என்று கேட்டால் 02:03 என்று வரும். பார்க்க ஒழுங்கான நேரம் போலவே இருப்பதால் யார் கண்ணிலும் படாது.

கடைசியாக, மார்ச் மாத ரிப்போர்ட். பிட்வீன் போட்டு 2024-03-01 முதல் 2024-03-31 வரை என்று எழுதினால், 31-ஆம் தேதி நள்ளிரவு 00:00:00-க்குப் பிந்தைய அந்த நாள் முழுவதும் விடுபடும். 23:59:59 என்று ஒட்டினால் விநாடியின் பின்னங்கள் விடுபடும். எஸ்க்யூஎல் சர்வரின் பழைய டேட்டைம் டைப்பில் 23:59:59.999 கொடுத்தால் அது மறுநாள் 00:00-க்கு ரவுண்டாகி, ஏப்ரல் 1 நள்ளிரவு சரியாக 00:00-க்குப் பதிவான வரிசைகளையும் இழுத்து வரும். மார்ச் 1-க்குச் சமம் அல்லது பெரியது, ஏப்ரல் 1-ஐவிடச் சிறியது என்று எழுதுங்கள். ஃபீல்டின் மேல் டேட் ஃபங்ஷனைப் போர்த்தாததால், தேடலை வேகப்படுத்த அதில் உள்ள சாதாரண இண்டெக்ஸும் பயன்படும்.